ஆயிரம் வரை

மே பதினேழு.
கெமியார்வி ஏரியில் பனிக்கட்டி
இன்னும் கரையோரம் சாம்பலாய்க் கிடந்தது.
கடைக்காரர் சாவியைத் தந்தார்.
மீட்டரில் மூன்று கிலோமீட்டர்.
இந்த மூன்றையும் ஓட்டியது யார் என்றேன்.
சிரித்தார். பதில் இல்லை.

எண்ணூறு கிலோமீட்டர் வரை
நாலாயிரம் சுற்றைத் தாண்டாதே,
ஆயிரம் வரை ஐயாயிரம்
என்கிறது கையேடு.
கையேட்டை எழுதியவன் வக்கீல் என்கிறான்
என் அக்காள் கணவன் ஒஸ்ஸி.
"முதல் நாளே முறுக்கு, துய்ரே.
அழுத்தம் இருந்தால்தான் பிஸ்டன் வளையம்
சிலிண்டர் சுவரில் பதியும்.
கொஞ்சினால் ஆயுசுக்கும் ஆயில் குடிக்கும்."
அவன் வண்டி ஆயில் குடிப்பதை
மூன்று கோடையாகப் பார்க்கிறேன்.
சொல்லவில்லை.

மர ஆலையில் வாள் தீட்டுகிறவள் நான்.
புதுப் பட்டைவாளை
முதல் ஒரு மணி நேரம்
பாதி வேகத்தில்தான் மரத்துக்குள் விடுவேன்.
அத்தனை கூர் ஆகாது.
நுனி மயிரிழை மழுங்கட்டும்,
பிறகு நாள்கணக்கில் நிற்கும்.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்தும் விரல் அரிக்கிறது.

ஏனென்றால் சவுனாவின் முன்னறையில்
ஓர் அட்டைப்பெட்டி.
இத்தாலியப் புகைக்குழாய்,
காற்று வடிகட்டி,
பெட்ரோல் கணக்கைத் திருத்தும்
தீப்பெட்டி அளவுக் கருவி.
பிள்ளை பிறக்குமுன் கொலுசு வாங்கியவள் போல
வண்டிக்கு முன்பே வாங்கிவிட்டேன்.
ஒவ்வொரு சனிக்கிழமையும்
துண்டைக் கட்டிக்கொண்டு
அதன் எதிரே வியர்த்து உட்கார்ந்திருக்கிறேன்.
எங்கள் கோடைக்கு மொத்தம் பதினாலு வாரம்.

ஒரே வேகத்தில் ஓட்டவும் கூடாது.
ஏற்று, தணி, கியர் மாற்று, மறுபடி ஏற்று.
இங்கேயோ சாலை எல்லாம் நூல் பிடித்த நேர்.
வளைவு தேடிக் குன்றையே சுற்றினேன்.
ஒன்பதாம் சுற்றில்
தபால்பெட்டி அருகே ஸைமி கை காட்டி நிறுத்தினாள்.
"எதையாவது தொலைத்துவிட்டாயா?"
"இஞ்சினைப் பழக்குகிறேன்."
"அப்படியா," என்றாள்,
"என் நாய் வந்த புதிதில்
நான்தான் இப்படிச் சுற்றினேன்."

அறுநூற்றுப் பன்னிரண்டில் அது நடந்தது.
முன்னே மர லாரி,
பட்டைத் துணுக்குகள் தலைக்கவசத்தில் தெறித்தன.
விலகி, பாதி தாண்டிவிட்டேன்.
எதிரே பிர்ச் மரங்களுக்குள்ளிருந்து
ஒரு பெண் கலைமான், பின்னால் குட்டி,
ஊர்ச் சாலைதானே என்று நடந்து வந்தன.
கையேட்டை நினைக்கவில்லை.
மணிக்கட்டு தானே நினைத்துக்கொண்டது.
ஏழாயிரத்து ஐந்நூறு.

அதுவரை
தொண்டைக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்த வண்டி
வாய்திறந்தது.

தாண்டிய பின் ஓரமாய் நிறுத்தினேன்.
சூடான இரும்பு டிக் டிக்கென்றது.
ஏதாவது உடைந்ததா என்று குனிந்து கேட்டேன்.
கொசுக்கள்தான் கேட்டன.

ஆயிரத்தில் ஆயிலை இறக்கினேன்.
இரவு பதினொன்று, வெயில்.
கறுப்புக்குள் பொன்தூள் சுழன்றது,
மீன் செதில் சுரண்டிய கையைத்
தண்ணீரில் அலசியதுபோல.
திருகாணியின் காந்தத்தில் சாம்பல் பசை.
சில்லு ஏதும் இல்லை.
அந்தச் சில விநாடிகளின் துகள் எது என்று
விரல்களுக்கு இடையே தேய்த்துப் பார்த்தேன்.
நல்ல கிலோமீட்டரும் கெட்ட கிலோமீட்டரும்
ஒரே தூளாய் இருந்தன.

மூன்றையும் இன்றிரவே மாட்டு என்று
பீர் கேனோடு வந்து நின்றான் ஒஸ்ஸி.
குழாய் மட்டும் என்றேன்.
அதை ஐந்நூறு கிலோமீட்டர் கேட்ட பிறகு வடிகட்டி.
மூன்றையும் சேர்த்து மாற்றி
நாளை வண்டி இருமினால்
யாரைப் பிடித்துக் கேட்பது?

ஆயில் சூடாக இருக்கத்தான்
ஊரை ஒருமுறை சுற்றி வந்திருந்தேன்.
பழைய குழாயைக் கையுறையோடு கழற்றி
இத்தாலியப் பெட்டிக்குள் படுக்கவைத்தேன்.
ஆக்கப் பொறுத்தவள்
ஆறப் பொறுக்கவில்லை.
முன்னறை முழுக்க
அட்டை கருகும் வாசனை.
ஒஸ்ஸி கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.